தரிப்புத் தண்டம், முறையீடு, மேன்முறையீடு: சொற்களை முடிவு செய்வோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் திருகோணமலைச் சனத்துக்காகத் தயாராகும் கையேட்டில், பார்க்கிங் மீறலுக்கு அங்குள்ள கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தரும் 'பெனால்டி சார்ஜ் நோட்டிஸ்' (பீ.சி.என்.) என்பதற்கு என்ன தமிழ் போடுவது என்ற கேள்வி இழுபட்டுக்கொண்டே போகிறது. குற்றப்பணப் பத்திரம், அபராத அறிவிப்பு, தரிப்பிட அறவீட்டு அறிவித்தல், தண்டச் சீட்டு என்று பல பரிந்துரைகள் வந்துவிட்டன. நான் தண்டத்தின் பக்கம் நிற்கிறேன். தொகைக்குத் 'தரிப்புத் தண்டம்', கண்ணாடியில் செருகிவிட்டுப் போகும் காகிதத்துக்குத் 'தரிப்புத் தண்டச் சீட்டு'. காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டும். முதல் சொல்லைப் பிழையாக வைத்தால் பின்னால் வருகிற எல்லாக் கடிதங்களும் பிழையாகத்தான் வாசிக்கப்படும்.

குற்றப்பணம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த நாட்டில் 1991 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் பார்க்கிங் மீறல்களைக் குற்றவியல் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளூராட்சி மன்றங்களின் கையில் கொடுக்க வழிசெய்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2004 இன் போக்குவரத்து முகாமைச் சட்டம். பார்க்கிங் பற்றிய அதன் ஏற்பாடுகள் 2008 மார்ச் 31 முதல் நடக்கின்றன. கவுன்சில் தண்டத்தால் குற்றப் பதிவேட்டில் பெயர் ஏறாது, சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளி விழாது. சட்டமே 'மீறல்' என்ற பொருளுள்ள சொல்லைத்தான் பயன்படுத்துகிறது, குற்றம் என்று சொல்வதில்லை. நாங்கள் குற்றப்பணம் என்று எழுதினால், விசா நீடிப்புக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை "இதையும் விண்ணப்பத்தில் எழுத வேணுமோ" என்று பயந்து, நியாயம் தன் பக்கம் இருந்தாலும் அன்றிரவே பணத்தைக் கட்டிவிடும்.

அபராதம் பொருளில் பிழையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வாயில் வரும் சொல் தண்டம்தான். அறவீடு என்று சொன்ன கிண்ணியா ஆசிரியரின் வாதம் கவனமானது, ஆனாலும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. வாகனம் விடுகிற இடங்களில் 'கட்டணம் அறவிடப்படும்' என்று பலகை போடுவது இங்கே சாதாரணம். தரிப்பிட அறவீடு என்றால் மணித்தியாலத்துக்குக் கொடுக்கும் காசு என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். தண்டம் அகலமான சொல். நீதவான் விதிப்பதும் தண்டம், நூலகப் புத்தகத்தைப் பிந்திக் கொடுத்தால் கட்டுவதும் தண்டம். விதியை மீறினாய், காசு கட்டு என்ற அளவோடு அது நிற்கிறது. அதற்கு முன்னால் 'தரிப்பு' என்று வைத்துவிட்டால் போதும்.

தரிப்பு தமிழ்நாட்டில் விளங்காது, 'நிறுத்தம்' போடுங்கள் என்று சென்னையிலிருந்து தம்பி எழுதியிருந்தார். அங்கே அதுதான் சரி. இந்தக் கையேட்டை வாசிக்கப்போவது உவர்மலையிலும் உப்புவெளியிலும் சாம்பல்தீவிலும் பிறந்து, பஸ் தரிப்பிடம் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தரிப்பு போதும்.

அப்புறம், மூன்று காகிதங்களை ஒரே பெயரால் அழைக்கக் கூடாது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். கவுன்சில் தருவது ஒன்று. பொலிஸ் தருவது இன்னொன்று. அது குற்றவியல் பக்கம், வேண்டுமானால் நீதிமன்றம் போய் வாதாடலாம். மூன்றாவது, சுப்பர்மார்க்கற் வளவிலோ ஆஸ்பத்திரி வளவிலோ ஒரு தனியார் கம்பனி அனுப்புவது. இந்த மூன்றாவதுக்கும் ஆங்கிலச் சுருக்கம் அதே பீ.சி.என். தான். பெயரின் முதல் சொல் மட்டும் மாறும் ('பெனால்டி'க்குப் பதில் 'பார்க்கிங்'), காகிதத்தின் தோற்றமும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கம்பனிக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் கிடையாது. பலகையில் எழுதிய நிபந்தனையை ஏற்றுத்தான் வாகனத்தை விட்டீர்கள், அதை மீறிவிட்டீர்கள், ஒப்பந்தப்படி இவ்வளவு தாருங்கள் என்று கேட்கிறது. கேட்கிறது, அவ்வளவுதான். எனவே அதற்குத் 'தரிப்புக் கோரிக்கை' என்ற சொல்லைத் தருகிறேன். பொலிஸ் தருவதற்கு மட்டும் குற்றப்பணம் என்பதை வைத்துக்கொள்வோம்.

கோரிக்கை என்றால் ஆட்கள் குப்பையில் போட்டுவிடுவார்களே என்று உவர்மலை அக்கா கேட்டது சரியான கேள்வி. 2015 இல் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 85 பவுண் கேட்ட ஒரு தனியார் கம்பனியின் கோரிக்கை செல்லும் என்று தீர்த்தது. தனியார் கடிதத்தைக் கணக்கெடுக்க வேண்டாம் என்று இன்னும் ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதை அறிய வேண்டும். கோரிக்கையைக் கவனிக்காமல் விட்டால் கம்பனி சிவில் வழக்குப் போடலாம். தீர்ப்பு எதிராக வந்து காசும் கட்டாவிட்டால் கடன் எடுக்கும் தகுதி கெடும். கையேட்டில் சொல்லுக்குக் கீழேயே இதை எழுதிவிடுவோம். முறையிடும் வழியும் வேறு: முதலில் கம்பனிக்கு, பிறகு அந்தக் கம்பனி சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து தனியார் கோரிக்கைகளை மட்டும் விசாரிக்கும் போப்லா போன்ற ஒரு சேவைக்கு. கவுன்சில் விஷயத்தைப் போப்லாவுக்கு அனுப்பினால் அங்கே எடுக்கமாட்டார்கள், இதற்கிடையில் உண்மையான கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, முறையீட்டுக்கு வருகிறேன். இதுவரை வந்த எல்லா வரைவுகளிலும் 'அப்பீல்' என்ற அர்த்தத்தில் மேன்முறையீடு என்ற ஒரே சொல் எல்லா இடத்திலும் நிற்கிறது. அதை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்சில் தண்டத்துக்கு மூன்று படிகள் இருக்கின்றன. சீட்டுக் கிடைத்த உடனே கவுன்சிலுக்கு எழுதுவது முதலாவது. அதற்கு 'ஆட்சேபம்'. அவர்கள் மறுத்து, நாங்களும் கட்டாவிட்டால், 28 நாளுக்குப் பிறகு வாகனப் பதிவில் பெயர் உள்ளவருக்கு 'உரிமையாளர் அறிவித்தல்' வரும். அது கிடைத்து 28 நாளுக்குள் முறைப்படி எழுதிக் கொடுப்பது இரண்டாவது. அதற்கு 'முறையீடு'. இதுவும் போவது அதே கவுன்சிலுக்குத்தான். அதையும் மறுத்து, மறுப்புக் கடிதம் அனுப்பினால்தான் வெளியே போகலாம்: லண்டன் என்றால் லண்டன் ரிபியூனல்ஸ், மற்ற இடங்களுக்கு ட்ராபிக் பெனால்டி ரிபியூனல். தொழில் நியாயசபை என்று இங்கே சொல்வது போல இவற்றை 'நியாயசபை' என்றே எழுதலாம். அங்கே போவதுதான் மேன்முறையீடு.

மேல் என்ற சொல் உள்ளே இருக்கிறதே, கவனித்தீர்களா? தீர்த்தவருக்கு மேலே ஒருவர் இருந்தால்தான் அது மேன்முறையீடு. தண்டம் எழுதிய கவுன்சிலிடமே திரும்பிப் போய்க் கேட்பதை அப்படிச் சொல்ல முடியாது. இது வெறும் சொல் சுத்தம் பற்றிய பேச்சல்ல. முதல் கடிதத்துக்கு மறுப்பு வந்ததும் "மேன்முறையீடு தோற்றுப்போச்சு" என்று நினைத்துக் காசைக் கட்டும் ஆட்களை எனக்குத் தெரியும். அவர்கள் நியாயசபையின் வாசலைப் பார்க்கவே இல்லை. அங்கே போக ஒரு சதமும் கட்டணம் இல்லை, கவுன்சிலோடு தொடர்பில்லாத ஒரு சட்ட அறிஞர்தான் தீர்ப்பார், தொலைபேசியிலோ எழுத்திலோ முடித்துக்கொள்ளலாம். ஒரு தமிழ்ச் சொல்லைப் பிழையாகப் போட்டு அந்த வாசலை நாங்களே மூடிவிடக் கூடாது.

முறையீட்டுக்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் முறையீட்டை ஏற்றதாகவே கொள்ளவேண்டும், தண்டம் போய்விடும். ஆட்சேபத்துக்கு இந்த விதி கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

கெடுவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை வேண்டும். இங்கே மத்திய வீதியில் பொலிஸ் பிடித்தால் வழமையாக லைசென்ஸை வாங்கிக்கொண்டு தற்காலிகப் பத்திரம் தருவார்கள், 14 நாளுக்குள் காசைக் கட்டிவிட்டுப் போய் லைசென்ஸை மீட்க வேண்டும், தாண்டினால் இரட்டிப்பு. எங்கள் தலையில் பதிந்திருக்கும் 14 அதுதான். அங்கே வாகனத்தில் செருகிய சீட்டுக்கு 14 நாளுக்குள் கட்டினால் பாதி, 28 நாள் வரை முழுத்தொகை. லண்டனுக்கு வெளியே முழுத்தொகை பெரும்பாலும் 50 அல்லது 70 பவுண், அதாவது பாதி 25 அல்லது 35. அந்த 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், மறுத்தாலும் பாதித் தொகையைக் கட்ட இன்னொரு தவணை வழமையாகத் தருவார்கள். எனவே அந்த 14 க்கு 'கழிவுக் காலம்' என்று பெயர் வைப்போம், 'கெடு' என்ற சொல்லை 28 க்கு வைத்துக்கொள்வோம். தபாலில் வரும் கமராச் சீட்டுகளுக்குக் கழிவுக் காலம் வேறாக இருக்கலாம், சீட்டில் போட்டிருப்பதையே பார்க்கச் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் தடித்த எழுத்தில் போடவேண்டும்: காசைக் கட்டினால் கதை முடிந்தது. கட்டிவிட்டு ஆறுதலாக முறையிடலாம் என்பது அங்கே நடக்காது.

உரிமையாளர் அறிவித்தல் என்ற சொல்லில் எனக்குத் தடையில்லை. ஆனால் விளக்கம் தேவை. கார் தாயின் பெயரில் இருக்கும், ஓடியது மகனாக இருக்கும். கடிதம் தாய்க்குத்தான் வரும், பொறுப்பும் அவருக்குத்தான். "நான் ஓடேல்ல" என்று எழுதி அனுப்பினால் அது காரணமாகாது.

அடுத்ததாக 'சார்ஜ் சேர்ட்டிபிக்கற்'. வரைவில் 'கட்டணச் சான்றிதழ்' என்று இருக்கிறது. தயவு செய்து இதை உடனே மாற்றுங்கள். சான்றிதழ் என்றால் தமிழில் நல்லது ஏதோ கிடைத்த மாதிரி. கட்டணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, காசு கட்டியதற்கு அத்தாட்சி வந்துவிட்டது என்று ஒருவர் பெட்டியில் பூட்டிவைக்கக்கூடும். உண்மையில் அந்தக் கடிதம், நீங்கள் கெடுவைத் தவறவிட்டீர்கள், தண்டம் பாதி மடங்கு கூடிவிட்டது என்று சொல்கிறது. 70 இப்போது 105. இந்தப் படியில் நியாயசபைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும். 'தண்ட உயர்வு அறிவித்தல்' என்று நேராகப் போடுவோம்.

அதற்கும் அசையாவிட்டால் விஷயம் நோர்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமுலாக்க நிலையத்தில் கடனாகப் பதிவாகி, 'அறவீட்டுக் கட்டளை' வரும். இந்த இடத்துக்கு அறவீடு நன்றாகவே பொருந்துகிறது, ஆசிரியரின் சொல் வீண்போகவில்லை. வீடு மாறி, பழைய விலாசத்துக்குக் கடிதம் போய், எதுவுமே தெரியாமல் இருந்தவர்களுக்கு இங்கே 21 நாளுக்குள் ரீ.ஈ. 9 என்ற படிவம் இருக்கிறது. உரிமையாளர் அறிவித்தல் எனக்குக் கிடைக்கவில்லை என்று அதில் சொல்லலாம். அதன் பெயரை 'சாட்சிக் கூற்று' என்று பெயர்த்தால் "நான் எதற்குச் சாட்சி" என்று கேட்பார்கள். சத்தியக்கடதாசி என்றால் சமாதான நீதவானைத் தேடி ஓடுவார்கள், ரீ.ஈ. 9 க்கு அது தேவையில்லை, உண்மை என்று தானே உறுதிசொல்லிக் கையெழுத்து வைத்தால் போதும். ஆகவே 'உண்மைக் கூற்று'. வேறு சில தண்டங்களுக்கு வரும் பீ.ஈ. 3 படிவம் மட்டும் சத்தியம் செய்து கொடுப்பது, அதற்குச் சத்தியக்கடதாசி பொருந்தும். எதை எழுதினாலும் பொய் எழுதக் கூடாது, அது அங்கே பாரதூரமான விஷயம். இந்த ஒரு இடத்தில் உண்மையாகவே குற்றம் என்ற சொல் வரும்.

மிச்சம் இருப்பது, கட்டாத கடனை அறவிட வரும் 'பேலிஃப்'. 'பிஸ்கால்' போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, மூத்தவர்களுக்கு உடனே விளங்கும். ஆனால் பிஸ்கால் நீதிமன்ற உத்தியோகத்தர். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் கவுன்சில் அமர்த்தும் தனியார் கம்பனி ஆட்கள். இளம் ஆட்களுக்குப் பிஸ்கால் என்றால் தெரியவும் மாட்டாது. 'அறவீட்டு முகவர்' என்று மனதில் இருக்கிறது, திருப்தி இல்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்றச் சொற்களுக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள், வரைவைத் திருத்தி வரும் ஞாயிறு மறுபடி அனுப்புகிறேன்.