ஃப்ரீ ஆன்டிவைரஸ் ரெண்டு போட்டும் வைரஸ் மெசேஜ் நிக்கல, எதை வெச்சிக்கிறது எதை தூக்குறது?

சத்துவாச்சாரி பையன்:
வணக்கம் பா. வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு, விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி கெடயாது பழைய ஹார்ட் டிஸ்க் தான். அப்பா பட்டா, வில்லங்கம்னு பிரின்ட் எடுக்க கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு பென்டிரைவ் எடுத்துக்கினு போவாரு, திரும்பி வந்து சொருகினா உள்ள இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா கெடக்கும். அது பத்தாதுன்னு இப்ப கொஞ்ச நாளா ஸ்க்ரீன்ல வலது பக்கம் கீழ "உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ், சப்ஸ்க்ரிப்ஷன் முடிஞ்சிடுச்சி"ன்னு வந்துகினே இருக்கு, நாங்க எதுக்குமே துட்டு கட்னது இல்ல, அப்புறம் எப்டி முடியும்? சரின்னு ஃப்ரீ ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டேன், ஸ்கேன் பண்ணி வைரஸ் இல்லன்னு சொல்லிட்டு "ஆனா கம்ப்யூட்டர் ஸ்லோ, ப்ரீமியம் வாங்கு"ன்னு நிக்குது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து இன்னொன்னு போட்டு குடுத்தாரு. இப்ப ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டே வந்துடலாம், அவ்ளோ நேரம். மெசேஜ் மட்டும் நிக்கல. எது நல்ல ஃப்ரீ ஆன்டிவைரஸ்னு ட்ரை பண்ணவங்க சொல்லுங்க.

கோட்டை அகழி:
மொதல்ல ரெண்டையும் தூக்குங்க பா. நீங்க ஒரு ஃபைல தொறந்தா ரெண்டும் தனித்தனியா அதை படிச்சி பாக்கும், பழைய ஹார்ட் டிஸ்க் என்னத்த தாங்கும். விண்டோஸ் 8ல இருந்தே டிஃபென்டர்னு மைக்ரோசாஃப்டோட சொந்த ஆன்டிவைரஸ் கூடவே வருது, வேற ஆன்டிவைரஸ் போட்டா அது தானா ஒதுங்கிக்கும், எடுத்துட்டா தானா திரும்ப வரும். செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போயி அன்இன்ஸ்டால் பண்ணுங்க, ஒண்ண எடுத்து ரீஸ்டார்ட் பண்ணிட்டு அடுத்தத எடுங்க. சில கம்பெனி ஐட்டம் மிச்சம் மீதி வெச்சிட்டு போவும், அதுக்கு அவங்க சைட்லயே ரிமூவல் டூல் இருக்கும். அப்பால விண்டோஸ் செக்யூரிட்டில ஸ்கேன் ஆப்ஷன்ஸ் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, அதை ஓட்டுங்க. விண்டோஸ் லோடு ஆவறதுக்கு முன்னாடியே தேடும், சுமார் 15 நிமிஷம், உங்க மெஷினுக்கு கூட ஆவலாம்.

மக்கன்பேடா:
அகழி சொன்னது சரி ஆனா அந்த மெசேஜ் ஆன்டிவைரஸ்ல நிக்காது, ஏன்னா அது வைரஸே இல்லைன்னு நெனைக்கிறேன். அடுத்த தடவ வரும்போது க்ளிக் பண்ணாம அந்த பொட்டிய உத்து பாருங்க, சின்ன எழுத்துல கூகுள் குரோம்னும் ஏதோ வாயில நுழையாத ஒரு சைட் பேரும் இருக்கும். படம் டவுன்லோடு பண்ற சைட்ல "நீ ரோபோ இல்லன்னா அலவ் அமுக்கு"ன்னு கேக்கும் பாருங்க, யாராச்சும் அமுக்கி இருப்பாங்க, அப்பலேர்ந்து அந்த சைட் தான் இப்டி மெசேஜ் அனுப்பிகினே இருக்கும். குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அங்க அலவ் லிஸ்ட்ல இருக்க கண்ட சைட்டயும் எடுத்துடுங்க. அதுல வர்ற ரினியூ பட்டன்ல கார்டு நம்பர் மட்டும் யாரும் போட்டுடாதீங்க, அப்பாகிட்டயும் சொல்லி வைங்க. ஏற்கனவே யாராச்சும் துட்டு விட்டிருந்தா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.

ஆம்பூர் ஸ்டார்:
எல்லாரும் டிஃபென்டர் டிஃபென்டர்ன்றீங்க, 4 ஜிபி ராம்ல அதுவும் ஒண்ணும் லேசு இல்லங்க, ஸ்கேன் ஓடும்போது மௌஸே நகராது. நான் கடைல அவாஸ்ட் ஃப்ரீ தான் வெச்சிக்கினு இருக்கேன், விளம்பரம் வரும், மூடிட்டு வேலைய பாப்பேன். ஏவிஜியும் நல்லா இருக்கும்.

கோட்டை அகழி:
ஸ்டார் பாய், ஏவிஜிய 2016லயே அவாஸ்ட் வாங்கிடுச்சி, இப்ப நார்ட்டன், அவிரா எல்லாமே ஜென் டிஜிட்டல்னு ஒரே முதலாளி. நீங்க எத மாத்தினாலும் அதே வீடு தான். அதுவும் இல்லாம, ஜனங்க எந்தெந்த சைட் போறாங்கன்ற விவரத்த வித்ததுக்கு 2024ல அமெரிக்காவுல அவாஸ்ட 1.65 கோடி டாலர் கட்ட சொல்லிட்டாங்க. அந்த விக்கிற பிரிவ 2020லயே மூடிட்டாங்க, அதையும் சொல்லணும். கண்டுபிடிக்கிற திறமைல குறை சொல்ல மாட்டேன். வேல செய்யுதான்னு பாக்கணும்னா எய்க்கார் டெஸ்ட் ஃபைல்னு 68 எழுத்து உள்ள ஃபைல் இருக்கு, ஒரு கெடுதலும் பண்ணாது, எந்த ஆன்டிவைரஸா இருந்தாலும் பிடிக்கணும்னே வெச்சிருக்காங்க. நெஜ வைரஸ வெச்சி டெஸ்ட் பண்ண வேணாம் சாமி.

பாலாறு மணல்:
பென்டிரைவ் விஷயத்த எல்லாரும் விட்டுட்டீங்க. ஃபோல்டர் அழியல, ஹிட்டன் ஆகி இருக்கும். ஷார்ட்கட்ட டபுள் க்ளிக் பண்ணாதீங்க, அது தான் வைரஸ ஓட விடுறதே. மொதல்ல டிரைவ் மேல ரைட் க்ளிக் பண்ணி டிஃபென்டர்ல ஸ்கேன், அப்புறம் வியூ டேப்ல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் போட்டு பாருங்க. அப்பவும் தெரியலன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல "புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்"ன்னு இருக்க டிக்கயும் எடுங்க, பேரே இல்லாத ஒரு ஃபோல்டர்ல எல்லாத்தயும் திணிச்சி வெச்சிருக்கும். காப்பி எடுத்துட்டு பென்டிரைவ ஃபார்மட் போடுங்க. கடைக்கு பிடிஎஃப்ப வாட்ஸாப்ல அனுப்புனா இந்த தொல்லையே இல்ல. செர்ட்-இன்னு மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு நடத்துற சைபர் ஸ்வச்தா கேந்திரா சைட்லயும் ஃப்ரீ டூல் இருக்கு, 2017ல இருந்து, நம்ம கவர்மென்ட் ஐட்டம் தான்.

சத்துவாச்சாரி பையன்:
மக்கன்பேடா அண்ணா, நீங்க சொன்னது தான்! அலவ் லிஸ்ட்ல பேர் தெரியாத சைட்டு வரிசையா நின்னுச்சி, எல்லாத்தயும் தூக்கினேன், மெசேஜ் நின்னுடுச்சி. ரெண்டு ஆன்டிவைரஸும் போச்சி, ஆஃப்லைன் ஸ்கேன்ல ஒண்ணும் வரல. பட்டா ஃபைல் பேரில்லாத ஃபோல்டர்ல தான் இருந்துச்சி. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சின்றாங்களே, அப்ப டிஃபென்டரும் போயிடுமா?

கோட்டை அகழி:
2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் அப்டேட் நின்னுது, டிஃபென்டருக்கு வைரஸ் லிஸ்ட் 2028 அக்டோபர் வரைக்கும் தருவோம்னு சொல்லி இருக்காங்க. ஆனா ஓட்டைய அடைக்கிற அப்டேட் வேற, வைரஸ் லிஸ்ட் வேற. ஓட்டைய அடைக்கிறதுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் எக்ஸ்டென்டட் அப்டேட்டு இருக்கு, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா ஃப்ரீயாவே குடுக்குறாங்க, விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல் பட்டன் இருக்கும். முடிஞ்சா பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி ஒண்ணும் வாங்கி மாட்டுங்க பா.