வயதானவர்களோடு நீண்ட பயணம்: வழியில் உடம்புக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது?

மாலைநிலா:

அப்பாவுக்கு 78 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஒரு ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளோடு இரவில் ஒரு இன்சுலினும் போடுகிறார். கூட வரும் பெரியம்மாவுக்கு 81. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு சீரில்லாமல் போவது) இருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் சாப்பிடுகிறார். இருவருமே நன்றாக நடமாடுகிறவர்கள்தான். 6 மணி நேர விமானப் பயணம், இறங்கியதும் 4 மணி நேரம் கார், பிறகு 10 நாள் தங்கல்.

கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும், மருந்து எவ்வளவு எடுக்க வேண்டும், வழியில் ஏதாவது ஆனால் முதல் 10 நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்க்கத்தான் போகிறோம். அவரிடம் எதைக் கேட்பது என்பதுதான் பிடிபடவில்லை.

வழித்துணை:

முதலில் காகிதத்தை முடியுங்கள். தெரியாத ஊரில் நள்ளிரவில் போய் நின்றால், அங்கிருக்கும் டூட்டி டாக்டருக்கு உங்கள் அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. கையில் கட்டு ஃபைலைக் கொடுத்தால் அவர் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஆளுக்கு ஒரே ஒரு தாள் போதும்.

மருந்தை பிராண்டு பெயரில் எழுதாதீர்கள், ஊருக்கு ஊர் அது மாறும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அளவு, நேரம், எதற்காக என்று எழுதுங்கள். "அபிக்ஸபான் 5 மி.கி., காலை 8, இரவு 8, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக" என்கிற மாதிரி ஒரு மருந்துக்கு ஒரு வரி. அடுத்து ஒவ்வாமை: எந்த மருந்து, அது என்ன செய்தது என்று இரண்டையும் எழுத வேண்டும். "பெனிசிலின் ஆகாது" என்பதைவிட "பெனிசிலின் கொடுத்ததும் முகம் வீங்கி மூச்சுத் திணறியது" என்பது டாக்டருக்கு வேறு செய்தி. உடல் எடையையும் கிலோவில் எழுதுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியின் அளவைப் பெரும்பாலும் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ரத்த வகையைப் பலர் பெரிய எழுத்தில் முதல் வரியாகப் போடுகிறார்கள். எழுதினால் தவறில்லை, ஆனால் எந்த மருத்துவமனையும் தானே சோதித்துப் பார்க்காமல் ரத்தம் ஏற்றாது. அந்த இடத்தை மருந்துகளுக்குக் கொடுங்கள்.

தாளோடு இணைக்க வேண்டியவை மூன்றுதான். நன்றாக இருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நகல் முதலாவது. இதய நோயாளிகளின் ஈ.சி.ஜி.யில் பழைய மாற்றங்கள் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது இல்லையென்றால் அவற்றைப் புதிய அட்டாக் என்று நினைக்கவும் கூடும், புதியதைப் பழையது என்று விட்டுவிடவும் கூடும். இரண்டாவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் கடைசி ரிப்போர்ட். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுக்கவும் பல மருந்துகளின் அளவை முடிவு செய்யவும் அது வேண்டும். மூன்றாவது, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. எந்தத் தேதியில் எந்தக் குழாயில் வைத்தார்கள் என்பது அதில் இருக்கும்.

பெரியம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் மிக முக்கியம். கடைசி அபிக்ஸபான் எத்தனை மணிக்குப் போட்டார் என்பது. பக்கவாதம் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்க டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. கடந்த 48 மணி நேரத்துக்குள் மாத்திரை போட்டிருந்தால் பொதுவாக அந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு அந்தத் தடை இல்லை. "காலையில் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்" என்ற பதில் யாருக்கும் உதவாது. தாளின் பின்பக்கம் 12 நாளுக்குக் கட்டம் போட்டு, மாத்திரை போட்டதும் நேரத்தை எழுதி வாருங்கள்.

மருந்து எடுப்பதில் நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் நாள்வாரியான டப்பாவில் பிரித்துப் போட்டு அட்டையை வீட்டிலேயே விட்டுவருவது. வெளியே எடுத்த வெள்ளை மாத்திரையைப் பார்த்து அது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. டப்பாவைப் பயன்படுத்துங்கள், அட்டையும் மருந்துச் சீட்டும் கூடவே வரட்டும். அட்டையைக் கத்தரித்தால் பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டில் மட்டும் நின்றுவிடும் என்பதால் முழு அட்டையாகவே எடுங்கள். 10 நாள் பயணத்துக்கு 15 நாள் மருந்து. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரின் கைப்பையில் வையுங்கள். சரக்காகப் போகும் பெட்டியில் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: வாந்தியோ பேதியோ வந்தால் எந்த மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? உடம்பில் நீர் வற்றிய நிலையில் மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், '-கிளிஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் சிறுநீரகத்தையோ ரத்தத்தின் அமிலத் தன்மையையோ பாதிக்கலாம். யாருக்கு எது என்று அவர் எழுதித் தரட்டும். நெஞ்சு வலித்தால் ஆஸ்பிரின் கொடுக்கலாமா, இருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வலிக்கு எது போடலாம் என்பதையும் கேளுங்கள். அபிக்ஸபான் சாப்பிடுகிறவருக்கு இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கலாம், பாராசிட்டமால்தான் வழக்கமான பதில். நேர மண்டலம் மாறினால் இன்சுலினை எந்த மணிக்கு நகர்த்துவது என்பதை ஊரிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நாடித்துடிப்பு:

முதல் 10 நிமிடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். இந்த இருவருக்கும் எது வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் அப்பாவுக்கு லோ சுகர், பெரியம்மாவுக்கு விழுந்து அடிபடுவது.

பயணத்தில் லோ சுகர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். வழக்கமான நேரம் என்று கிளிமிபிரைடு போட்டுவிடுவார்கள், சாப்பாடு 2 மணி நேரம் தாமதமாகும். சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை, நடுக்கம், எரிச்சலான பேச்சு, சம்பந்தமில்லாத பதில் ஏதாவது தெரிந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். பழம் உரித்த கையோடு குத்தினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும், விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ 3 முதல் 4 டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். 'சர்க்கரை இல்லாத' குளிர்பானம் கொடுத்துவிட்டு ஏன் ஏறவில்லை என்று காத்திருப்பதும் நடக்கிறது, புட்டியைப் படித்துவிட்டுக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முக்கியமான ஒன்று: கிளிமிபிரைடால் வந்த லோ சுகர் ஒரு முறை சரியாகிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மருந்தின் வேலை பல மணி நேரம் நீடிக்கும், திரும்பவும் இறங்கும். அளவு ஏறியதும் சாப்பிட வைத்து, அன்று முழுவதும் அடிக்கடி குத்திப் பாருங்கள். இரண்டாவது முறை இறங்கினால் மருத்துவமனைதான்.

பெரியம்மா தலையில் அடிபடும்படி விழுந்தால், ரத்தம் வரவில்லை, வீக்கம் இல்லை, நன்றாகப் பேசுகிறார் என்றாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், சி.டி. ஸ்கேன் தேவைப்படும். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மூளைக்குள் கசிவு மெல்ல மெல்லச் சேரலாம், முதல் சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். விழுந்ததும் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்த வேண்டாம். காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். புது இடத்தில் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் விழுவார்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை விடிவிளக்கு, வழியில் பெட்டி இல்லாத தரை, வீட்டில் போடும் அதே செருப்பு, இவ்வளவும் முதல் இரவே இருக்க வேண்டும்.

மாரடைப்பு சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், மேல்வயிற்றில் அழுத்தம், காரணமில்லாத அசதி. "வாயுதான், சோடா குடித்தால் சரியாகும்" என்று ஒரு மணி நேரம் போய்விடும். சாய்ந்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். ஆஸ்பிரினுக்கு டாக்டர் சரி சொல்லியிருந்தால் 300 மி.கி. மென்று சாப்பிட வேண்டும், அப்படியே விழுங்கினால் வேலை செய்ய நேரமாகும். நெஞ்சுவலிக்கென்று டாக்டர் கொடுத்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருந்தால் உட்கார வைத்த பிறகே கொடுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி நின்றபடி இருப்பவர் விழுந்துவிடுவார். 5 நிமிடத்தில் குறையவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், உதவிக்கு அழையுங்கள்.

பக்கவாதத்துக்கு நேர்மாறு. முகம் கோணுவது, ஒரு கை தழைவது, பேச்சு குழறுவது இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பிரின் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது, அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று பி.பி. மாத்திரையும் கூடாது. சர்க்கரையை மட்டும் பார்த்துவிடுங்கள், லோ சுகரும் இதே மாதிரி காட்டும். கடைசியாக நன்றாக இருந்ததை யார் எப்போது பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே கோணியிருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு. கரைக்கும் ஊசிக்கான பொதுவான எல்லை அந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரம்.

கடலோரம்:

4 மணி நேரக் காரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வழியில் இருக்கும் மருத்துவமனைகளைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துவையுங்கள். 'அருகில் இருப்பது' என்று வரைபடம் காட்டுவது பகல் நேர கிளினிக்காக இருக்கலாம். 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் உண்டா, ஆஞ்சியோபிளாஸ்டி (இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) செய்வார்களா என்று போன் போட்டுக் கேட்டு, பாதையில் எந்த இடம்வரை பின்னால் திரும்புவது, எங்கிருந்து முன்னால் போவது என்று காகிதத்தில் எழுதுங்கள். மலைப்பாதையில் சிக்னல் இருக்காது. அவசர எண்ணும் நாட்டுக்கு நாடு வேறு. 112 பல நாடுகளில் வேலை செய்கிறது, இருந்தாலும் போகும் இடத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் மருந்துப் பையை மேல் தட்டில் வைக்காமல் முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். உடம்பு சரியில்லை என்று தோன்றியதுமே பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். விமானத்தில் ஆக்சிஜன் இருக்கும், தரையிலிருக்கும் டாக்டரிடம் பேசும் வசதியும் பல நிறுவனங்களில் உண்டு. தயங்கித் தயங்கிக் கடைசியில் சொல்வதால்தான் வழிகள் குறைகின்றன. உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அது இல்லை என்றால் எழுந்து நடப்பதும் கெண்டைக்காலை அசைப்பதும் போதும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ஸ்டென்ட், அபிக்ஸபான் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிரீமியம் கூடும் என்று ஒன்றை மறைத்தால், சம்பந்தமில்லாத நோய்க்கான கோரிக்கையைக்கூட மறுக்க அது காரணமாகலாம். அட்மிட் செய்யும்போதே காப்பீட்டு உதவி எண்ணுக்குப் போன் செய்ய ஒருவரை ஒதுக்குங்கள்.

மாலைநிலா:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இன்சுலின் பேனாவை வழியில் எப்படி வைத்துக்கொள்வது? பெரியம்மா கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று பயணத்தில் தண்ணீரே குடிக்க மாட்டார், அதற்கு என்ன செய்வது?

வழித்துணை:

திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் ஏறத்தாழ 4 வாரம் தாங்கும், உங்களுடையதின் சரியான கணக்கு பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுப்போகக் கூடாது. அதைவிட அதிகம் நடக்கும் தவறு பனிக்கட்டிப் பொட்டலத்தோடு ஒட்டி வைப்பது. உறைந்த இன்சுலின் மறுபடி உருகினால் பார்க்கப் பழையபடியே இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. துணியில் சுற்றி, இடையில் ஒரு அடுக்கு விட்டு வையுங்கள். உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப்போட்டுவிடுங்கள்.

நாடித்துடிப்பு:

தண்ணீருக்கு: "குடியுங்கள்" என்று சொன்னால் குடிக்க மாட்டார், வயதானால் தாகமே குறைவாகத்தான் தெரியும். கழிப்பறை கிடைக்கும் என்ற நம்பிக்கையை முதலில் கொடுங்கள். விமானத்தில் நடைவழி இருக்கை, காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே அவரிடமே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் ஒன்று பையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். மணிக்கு ஒரு சிறு டம்ளர், 150 மில்லி, கையில் கொடுத்துவிடுங்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டர் சொன்ன கணக்கு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் பயண நாளில் அதைப் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று கேட்டுவையுங்கள், இல்லையென்றால் அவராகவே நிறுத்திவிடப் போகிறார்.