புதுப்பிப்பு: மங்கிய கையெழுத்து புறஊதா டார்ச்சில் தெரிந்தது

குன்னூரில் வாங்கிய தோல் கட்டு ஆங்கிலக் கவிதைப் புத்தகத்தில், பழைய உரிமையாளரின் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னவற்றில் பலித்தது 365 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா டார்ச் யோசனைதான். இருட்டறையில் அந்தப் பக்கத்தின் மேல் பிடித்தேன். தாள் வெளிறிய நீலமாக ஒளிர்ந்தது. அந்தக் காலத்து இரும்பு மை ஊறிய இடம் மட்டும் கறுப்பாக நின்றது. தெரிந்தவை: பெயர், மேஜர் என்ற பதவி, 'ஊட்டகமண்ட் (ஊட்டி), 1871'. உடம்பே சிலிர்த்துவிட்டது! எழுத்தின் மேல் ரசாயனம் தடவிப் பார்க்கும் இன்னொரு யோசனையைத் தொடவில்லை. தாளில் நிரந்தரக் கறை விழுந்திருக்கும்.

எதிர்பாராதது: கீழே வேறொருவர் கையெழுத்தில் இன்னொரு பெயர். அது யார் என்றும் தேடுகிறேன்.

புத்தகத்தின் தோல் முதுகு நைந்து, செம்பொடியாக உதிர்கிறது. எண்ணெய் பூசாமல், அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரச்சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.