அத்தைக்கு எதை வாசித்துக் காட்டலாம்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். 2025 மார்ச் 28 மண்டலே நிலநடுக்கத்தில் மாமா தவறிவிட்டார். அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வீட்டு ஜெபத்தில் யாராவது "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம் மட்டும்தான் அவரைப் பேச வைத்தது. பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவு கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் பானையில் மாவு தீரவில்லை, கலசத்தில் எண்ணெய் குறையவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் அவள் மகன் செத்துப்போகிறான். "மாவு இருந்து என்ன, பிள்ளை போச்சே" என்றார் அத்தை. மகன் பிழைத்த பகுதியை வாசிக்க எனக்குத்தான் குரல் வரவில்லை.

இப்படி, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாத பகுதிகள் வேறு எவை? 88ஆம் சங்கீதம் தெரியும். அது கடைசி வரை இருட்டுதான், அதை மட்டும் வாசிக்கத் தயக்கம். பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்த ஜட்சன் 1826இல் மனைவியையும் அடுத்த ஆண்டு குழந்தையையும் இங்கேயே பறிகொடுத்தவர். அவரைப் பற்றித் தமிழில் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம், பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் யாங்கோனில் யாரிடமாவது இருக்கிறதா? அத்தையுடையது வீட்டோடு போய்விட்டது. எங்கள் பிள்ளைகளுக்கோ பர்மிய எழுத்துதான் வரும். இரவல் கொடுத்தாலும் போதும், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.