புதுப்பிப்பு: எம்ஜிபி எஞ்சினில் பெட்ரோல் ஹோஸ் போகும் வழி

முந்தைய பதிவில் ஹோஸின் தரத்தை மட்டும் சொன்னேன் (எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆர்9 என்ற தரக் குறியுள்ள ஹோஸ்). இப்போது, எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் அது போகவேண்டிய பாதை.

எம்ஜிபியில் இரட்டை எஸ்யூ (தயாரிப்பாளர் பெயர்) கார்புரேட்டர்களும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் ஒரே பக்கம். கசிவு நேரே சூட்டில்தான் சொட்டும். ஆகவே ஹோஸ் வெப்பத் தடுப்புத் தகட்டைத் தாண்டி மேனிஃபோல்டு பக்கம் போகவே கூடாது. எஞ்சின் ஆடும், பாடி ஆடாது. இடையில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். ரப்பர் உறையுள்ள கிளிப்பில் பிடியுங்கள். ஹோஸ் குழாய்மேல் 25 மி.மீ. ஏறட்டும். துளைப்பட்டைக் கிளாம்ப் ரப்பரை வெட்டும். விளிம்பு மடிந்த ஃபியூவல் இன்ஜெக்ஷன் வகைக் கிளாம்பே நல்லது. எஃகுப் பின்னல் உறை அழகுதான், ஆனால் உள்ளே விழும் விரிசலை மறைத்துவிடும்.

முடித்ததும் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். மிதவை அறைகள் (கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணங்கள்) நிறைந்ததும் எஸ்யூ மின் பம்பின் டிக்டிக் அடங்க வேண்டும். தொடர்ந்து அடித்தால் உடனே நிறுத்துங்கள்: கசிவு, மிதவை வால்வு, பம்பின் சொந்த வால்வு, இந்த வரிசையில் தேடுங்கள்.