சம்பாதிக்கிற மகனுக்கு வீட்டில் சட்டம் போடலாமா?

கோத்தகிரி அம்மா:
மகனுக்கு 26 வயது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் கோவையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்துவிட்டான். சந்தோஷம்தான். ஆனால் கீசரைப் போட்டால் அணைக்க மறந்துவிடுகிறான். இரவு பதினொன்றுக்குத் திரும்பினால் கேட்டைச் சாத்துவதில்லை. போன வாரம் கரடி வந்து, பின்கட்டில் இருந்த எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போனது. “வளர்ந்த பிள்ளை, விடு” என்கிறார் இவர். தரையைத் துடைத்தவள் நானல்லவா!

குன்னூர் ஓய்வூதியர்:
கணக்காகச் சொல்லுங்கள், அம்மா. 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் சூடேறினால் 1 யூனிட். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-ஆவது யூனிட்டிலிருந்தே கட்டண விகிதம் கூடிவிடும். நான் மின்கட்டணத்தை மகளிடமே ஒப்படைத்துவிட்டேன். இப்போது என் குளியலுக்கு அவள் நேரம் குறிக்கிறாள், அது வேறு கதை.

ஊட்டிப் பையன்:
எனக்கு 29, அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். “பத்து மணிக்குள் வா” என்றபோது சண்டை போட்டேன். ஒருநாள் வாசலில் காட்டெருமை நின்றது; முக்கால் மணி நேரம் தெருமுனையில் குளிரில் காத்துக்கிடந்தேன். இப்போது ஒன்பதரைக்கே வந்துவிடுகிறேன். ஆன்ட்டி, நேரத்தை விடுங்கள், கேட்டை மட்டும் கறாராகக் கேளுங்கள்.

கோத்தகிரி அம்மா:
நேற்று பில்லைக் கையில் கொடுத்தேன். “இவ்வளவா?” என்றான். கீசர் அணைந்துவிட்டது. கேட் இன்னும் திறந்துதான் கிடக்கிறது.