பத்து நாளாக ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பால் பாக்கெட் எடுக்கிறேன்

சிரிக்காமல் படியுங்கள். வீடு குரோம்பேட்டைப் பக்கம், வாசலில் ஒரு வேப்பமரம். அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் காலை கேட்டைத் திறந்தால், ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு குஞ்சு. கன்னங்கரேல் என்ற தலை. இறக்கையில் மட்டும் சுண்ணாம்பு தெறித்தாற்போலச் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள். பறக்கத் தெரியவில்லை. எதிர்வீட்டு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்தது. சரி, பாவம் என்று இரண்டு கையாலும் அள்ளி, கிளை உரசும் இடமாகப் பார்த்துக் காம்பவுண்டு சுவர் மேல் விட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

திரும்பி நாலடி வைத்திருக்க மாட்டேன். பின்மண்டையில் யாரோ பூரிக்கட்டையால் தட்டியது போல ஒரு அடி. நிமிர்ந்தால் யாரையும் காணோம். மறுபடி நடந்தேன், மறுபடி அடி. இந்தத் தடவை நகம் கீறி, காதுக்குப் பின்னால் ரத்தம் இறங்கியது. கிளினிக்கில் டெட்டனஸ் ஊசி போட்ட டாக்டர், "மாடியில் வத்தல் காயப்போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்கு நல்ல பொழுதுபோக்கு.

வீட்டில் நிலைமை வேறு. காக்கா தலையில் தட்டினால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அம்மா என்னைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே விடவில்லை. சனிக்கிழமை கோயிலில் எள் தீபம். அப்புறம் அக்காவுக்கு போன் போட்டு, என் ஜாதகத்தை எடுத்து ஏழரை எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னாள். இதே அம்மாதான் தினமும் மாடிச் சுவரில் ஒரு பிடி சாதம் வைத்து, 'கா கா' என்று கூப்பிட்டு, அது வந்து கொத்திய பிறகே எனக்குத் தட்டு போடுவாள். அந்தச் சாதத்தைத் தின்றுவிட்டு, மூக்கைச் சுவரிலேயே இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, நேராக என் தலைக்குத்தான் வரும்!

மனைவியை ஒன்றும் செய்வதில்லை. பேப்பர் போடும் பையனையும் சிலிண்டர் கொண்டுவருபவரையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மாலையில் தெருமுனை திரும்பினால் போதும், டிரான்ஸ்ஃபார்மர் மேல் இருக்கிற ஒன்று குரல் கொடுக்கும். மரத்திலிருந்து இன்னொன்று கிளம்பும். ஹெல்மெட்டில் டொக்கென்று விழும் சத்தம் முதல் வீடு வரை கேட்கும் என்று நினைக்கிறேன். பால்கனிகளில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் துரட்டியோடு வந்தார், கூட்டை இழுத்துப் போட்டுவிடலாம் என்று. அண்ணாந்து பார்த்தேன். குச்சியை விடக் கட்டுக்கம்பி அதிகம், நடுவில் எங்கள் வீட்டு இரும்பு ஹேங்கர் ஒன்று வேறு. உள்ளே இன்னும் ஏதோ அசைந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே என்று துரட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இது எத்தனை நாள் நீடிக்கும்? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கீழத்தஞ்சைக்காரன்: காக்காயிடம் அடி வாங்கியதற்கே இப்படியா? எங்கள் கொல்லைத் தென்னையில் ஒருவருஷம் கரிச்சான் கூடு கட்டியது. இரட்டைவால் குருவி என்பீர்களே, அதுதான். உள்ளங்கை அளவுதான் உடம்பு. பருந்தையே முதுகில் கொத்தித் துரத்தும். அந்தத் தைரியத்தில் சின்னப் பறவைகள் அதன் பக்கத்திலேயே கூடு கட்டிக்கொள்ளும். தேங்காய் பறிக்க ஏறியவர் பாதி மரத்தில் இறங்கிவிட்டார். அந்தப் போகம் தேங்காய் கடையில்தான் வாங்கினோம்.

மெல்பர்ன் அம்மா: இங்கே செப்டம்பர் வந்தால் எங்களுக்கு மேக்பை பயம். கறுப்பு வெள்ளைப் பறவை, பெரும்பாலும் ஆண்தான் பாயும். எல்லா மேக்பையும் அப்படியில்லை, ஒரு தெருவில் ஒன்று போதும். சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைச் சுற்றி பிளாஸ்டிக் கேபிள் டை குத்தி வைத்துக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி போவார்கள். என் மகன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான், அதுதான் பலன் தந்தது. ஊரிலிருந்து வந்த மாமியார் பார்த்துவிட்டு, "இங்கேயும் சனி உண்டா?" என்று கேட்டார்.

வேடந்தாங்கல் கிறுக்கன்: ஏழரையும் இல்லை, எட்டரையும் இல்லை. குஞ்சைக் கையில் எடுத்தவர் முகம் அதற்கு ஞாபகம் இருக்கிறது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு 2006இல் இதைச் சோதித்தது. குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டார்கள். அதன்பிறகு அந்த முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து திட்டின, வருஷக்கணக்கில். பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்க இனம். நம் ஊர்க் காகம் வேறு இனம்தான், ஆனால் உங்கள் மண்டைதான் சாட்சி சொல்கிறதே.

ஓடாதீர்கள். பெரும்பாலும் பின்னாலிருந்துதான் அடிக்கும், அதனால் மரத்தைப் பார்த்தபடியே நடங்கள். குடை ஹெல்மெட்டை விட மேல். குஞ்சு நன்றாகப் பறக்கத் தொடங்கிவிட்டால் விட்டுவிடும், இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

இன்னொன்று. அந்த வெள்ளைப் பொட்டு சுண்ணாம்பு இல்லை. காக்கைக் குஞ்சுக்குப் பொட்டு கிடையாது. நீங்கள் அள்ளி வைத்தது பெண் குயில் குஞ்சாக இருக்கும். காகத்துக்கும் குயிலுக்கும் முட்டையிடும் பருவம் ஒன்றுதான். குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும். காகத்தின் முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும், குயிலுக்கு 12 முதல் 14 நாள். முந்திப் பொரித்து, முந்தித் தின்று வளரும். கூட்டை விட்டு வந்த பிறகும் காகம்தான் ஊட்டும். உற்றுப் பாருங்கள்.

பதிவிட்டவர்: பார்த்தேன். குஞ்சு இப்போது மின்கம்பி வரைக்கும் பறக்கிறது. வால் நீளமாக, பட்டை பட்டையாக இருக்கிறது. காக்காவை விடச் சின்னதாக இருந்துகொண்டு வாயைப் பிளந்து நச்சரிக்கிறது, காக்காவும் அம்மா வைத்த சாதத்தை எடுத்துப் போய் ஊட்டுகிறது. குயிலேதான்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், அதுக்குத் தெரியாதுடா. நீ சத்தமாப் பேசாதே" என்றாள்.